ராசா நிரலில் நின்ற சிப்பாய்

சுபோதினிக்கு நாற்பத்தைந்து வயது. வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருக்கும் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்க்கிறாள். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து, நூறு வெண்குருதிக் கலங்களை வகை பிரித்து எண்ணவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தகட்டுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. இப்போது நாலு நிமிடம். கண் வேகமாகிவிட்டதென்று மற்றவர்கள் சொல்வார்கள். வேகமானது கண் அல்ல, சந்தேகம் குறைந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியும்.

கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீடு. அவளும் தாய் கனகேஸ்வரியும். தகப்பன் நாகேந்திரம் வங்கியில் இலிகிதராக இருந்தவர். இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் இறந்தார். ஆண்டுதோறும் அவருடைய திவசத்துக்குச் சித்தப்பாவின் மகன் இரத்மலானையிலிருந்து வந்து செய்துவிட்டுப் போவான். எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது ஐயர், வேறு யாருடைய பெயராவது சொல்ல இருக்கிறதா என்று கேட்பார். கனகேஸ்வரி தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவாள். ஐயர் அதற்குமேல் கேட்கமாட்டார்.

சொல்லாமல் விடும் அந்தப் பெயர் பிரியந்தன். சுபோதினிக்கு இரண்டு வயது மூத்தவன். துறைமுகச் சுங்கத்தில் பொருள் மீட்டுக் கொடுக்கும் ஒரு கந்தோரில் வேலை. கொட்டாஞ்சேனையில் சிநேகிதன் ஒருவனோடு வாடகை அறை. இரண்டாயிரத்து எட்டு ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், தொலைபேசி அட்டை வாங்கிவர இறங்கியவன் திரும்பி வரவில்லை. சந்தியில் ஒரு வான் வண்டி நின்றது என்று பாண் கடைக்காரர் சொன்னார். அடுத்த நாள் கேட்டபோது வான் ஒன்றும் நிற்கவில்லை என்றார். முறையிட வேண்டிய இடங்களிலெல்லாம் முறையிட்டார்கள். எல்லா இடத்திலும் படிவங்களின் பிரதிகள் கிடைத்தன.

அந்த வீட்டில் எல்லாரும் சதுரங்கம் ஆடியவர்கள், தாயைத் தவிர. ஆனால் நாகேந்திரம் ஆடியது அவருடைய ஊர்ப்பக்கத்துப் பழைய ஆட்டம். கடைசிக் கட்டத்தை அடைந்த சிப்பாய் அங்கே நினைத்தபடி ராணியாகிவிடாது. அது ஏறிய நிரலில் ஆட்டத் தொடக்கத்தில் எந்தக் காய் நின்றதோ, அந்தக் காயாகத்தான் மாறும். ஓரத்தால் ஏறினால் கோட்டை, அடுத்த நிரலால் ஏறினால் குதிரை, அதற்கடுத்ததில் மந்திரி. இது வேறு சில வீடுகளிலும் இருந்த முறைதான். ராசாவின் நிரலுக்கு மட்டும் நாகேந்திரம் தானாக ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு நாட்டுக்கு இரண்டு ராசா கிடையாது. ஆகவே அந்த நிரலில் வரும் சிப்பாய் கடைசிக்கு முதல் கட்டத்தில் நின்றுவிட வேண்டும். வங்கிச் சுற்றறிக்கை வாசிக்கிற குரலில் அதை அவர் சொல்லுவார். பிரியந்தனும் சுபோதினியும் அப்படியே ஆடிப் பழகினார்கள். வைத்த காயை அவள் திருப்பி எடுப்பாள். "கள்ளி," என்பான் அவன். திருப்பி எடுக்கவும் விடுவான்.

அவன் போன பிறகு பலகை கட்டிலுக்குக் கீழே போனது. பதினாலு வருடம் அவள் ஒரு காயையும் தொடவில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் மின்சாரம் நாளுக்குப் பல மணித்தியாலம் இல்லாமல் போன காலத்தில், ஆய்வுகூடத்தில் இயந்திரங்கள் நிற்க, சும்மா இருக்க வேண்டி வந்தது. வரவேற்பு மேசையில் இருக்கும் மஸாஹிராதான் சுபோதினியின் தொலைபேசியில் சதுரங்கச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். மஸாஹிராவின் மூத்த சகோதரன் றிகாஸ் அதே வீதியில் தொலைபேசிக் கடை வைத்திருப்பவன். கொழும்பிலும் வெளிநாட்டிலுமாகச் சிதறியிருக்கும் இருநூறு முந்நூறு பேரைச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு இணையத்தில் இரண்டு மணித்தியாலப் போட்டி நடத்துவான். ஆளுக்கு மூன்று நிமிடம். ஒரு ஆட்டம் முடிந்தவுடன் அடுத்தது. பட்டியலில் அருகருகே இருப்பவர்களைத்தான் கணினி எதிரெதிரே உட்கார்த்தும்; மேலே இருப்பவர்கள் மேலே உள்ளவர்களோடு, கீழே இருப்பவர்கள் கீழே உள்ளவர்களோடு.

முதல் ஞாயிறு அவள் எல்லா ஆட்டத்திலும் தோற்றாள். தோற்றுவிட்டு, முதல் பலகையில் நடந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். mathil என்று பெயர் வைத்திருந்த ஒருவருடைய சிப்பாய், குதிரை நிரலில் கடைசிக் கட்டத்துக்கு ஏறியது. திரையில் நாலு காய்களின் படம் விரிந்தது. ராணியை எடுத்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் குதிரையை எடுத்தார். பார்த்திருந்தவர்கள் கை தவறிவிட்டதென்று சிரிப்புப் படங்கள் போட்டார்கள். சுபோதினி ஆட்டத்தைப் பின்னோக்கித் தள்ளி, சிப்பாய் ஏறிய நிரலை மறுபடியும் பார்த்தாள்.

அந்தச் செயலியில் ஒருவர் ஆடிய பழைய ஆட்டங்களையெல்லாம் எடுத்துப் பார்க்கலாம். mathil ஆடியவை எண்ணூற்றுச் சொச்சம். ஏழு நாள் லீவு போட்டு, தகடு எண்ணுவதுபோல ஒவ்வொன்றாக எண்ணினாள். கடைசிக் கட்டத்தை அடைந்த சிப்பாய்கள் நூற்று நாற்பத்து மூன்று. ஓர நிரலில் ஏறியவை எல்லாம் கோட்டை. குதிரை நிரலில் எல்லாம் குதிரை. மந்திரி நிரலில் எல்லாம் மந்திரி. ராணி நிரலில் மட்டும் ராணி. ராசாவின் நிரலில் ஒன்றுகூட ஏறவில்லை. ஒன்பது ஆட்டங்களில் சிப்பாய் அங்கே கடைசிக்கு முதல் கட்டத்தில் வந்து நின்றிருந்தது. முன்னால் கட்டம் வெறுமையாக இருந்தும் அது நகரவில்லை. அதனால் இரண்டு ஆட்டங்களில் அவர் தோற்றுமிருந்தார்.

அந்தச் சட்டம் தெரிந்தவர்கள் உலகத்தில் நாலு பேர். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர், ஆடாமலே கேட்டுக் கேட்டு அறிந்தவர், குசினியில் கீரை நறுக்கிக்கொண்டிருந்தார். ஒருத்தி தானே.

அவள் தாயிடம் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனை அறையில் அண்ணனோடு இருந்த சிநேகிதனை ரொறன்ரோவில் தேடிப்பிடித்து, அண்ணன் அங்கே யாருக்காவது ஆட்டம் பழக்கினானா என்று கேட்டாள். தாங்கள் சீட்டுக் கடுதாசிதான் விளையாடியது, சதுரங்கப் பலகை அந்த அறைக்குள் வந்ததே இல்லை என்றான். றிகாஸிடம் கேட்டாள். mathil யார் என்று அவனுக்கும் தெரியாது. போட்டிக்குள் நுழையும் கடவுச்சொல் யார் யாரோ ஊடாகக் கைமாறிப் போயிருந்தது. அந்தக் கணக்கு வெளியார் செய்தியையும் சவாலையும் ஏற்காதபடி பூட்டியிருந்தது. எதிரே உட்கார்ந்து ஆடும்போது மட்டும் ஆட்டத்தின் பக்கத்தில் ஒரு சின்னப் பேச்சுப் பெட்டி திறக்கும். ஆகவே அவருடன் பேச ஒரேயொரு வழிதான் இருந்தது. அவர் எப்போதும் முதல் பத்துக்குள் இருப்பவர். அவளும் அங்கே போகவேண்டும்.

அவளுடைய தரப்புள்ளி அப்போது ஆயிரத்து நூற்று முப்பது. அவருடையது ஆயிரத்துத் தொளாயிரம்.

முதல் மாதம் கண்டபடி ஆடினாள், ஒரு நாளில் நாற்பது ஆட்டம். புள்ளி இன்னும் இறங்கியது. றிகாஸ் கடையில் ஒரு நாள் அவளுடைய ஆட்டங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"அக்கா, நீங்க அளவுக்குக் கூட வெளாடுறீங்க. அதான் பிழை," என்றான். "ஒரு நாளைக்கு மூணு கேம் போதும். பொறகு அந்த மூணையும் ஒங்கட மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ வைங்க."

அவன் அதைப் பகிடியாகத்தான் சொன்னான். அவள் அப்படியே செய்தாள். வேலைக்குப் போகமுன் மூன்று ஆட்டம். பின்னேரம் அந்த மூன்றிலும் தோல்வி தொடங்கிய இடத்தைக் கண்டுபிடித்து, பாவித்துக் கழித்த பரிசோதனைப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதினாள். பிழைகளை மூன்று வகையாகப் பிரித்தாள்: காணவில்லை; கண்டேன், நம்பவில்லை; நேரம் போய்விட்டது. இருநூறு ஆட்டத்துக்குப் பிறகு கூட்டிப் பார்த்தபோது, காணாமல் விட்டவை அவள் நினைத்ததைவிடக் குறைவு. கண்டும் நம்பாமல் விட்டவையே அதிகம். விரல் காய்க்கு மேலே போய், திரும்பி வந்து, மறுபடியும் போயிருந்தது. வைத்த காயைத் திருப்பி எடுக்கும் அந்தப் பழைய கை.

நூறு புதிர்களைத் தெரிந்தெடுத்து, அந்த நூறையே தினமும் போட்டாள். முதல் நாள் இரண்டு மணித்தியாலம் பிடித்தது. எழுபதாவது நாள் பதினொரு நிமிடம். புதிதாக எதையும் படிக்காமல், வெள்ளைக்கு ஒரு தொடக்கம், கறுப்புக்கு ஒரு தொடக்கம் என்று வைத்துக்கொண்டாள். முதல் பதினைந்து நகர்வுக்கு நாற்பது விநாடிக்கு மேல் செலவழிப்பதில்லை என்று தீர்மானித்து, மீறிய நாட்களில் வென்றாலும் அதைத் தோல்வியாகவே எழுதினாள். தொலைபேசியில் விரல் வழுக்குகிறது என்று, தம்பி முறையான ஒருவனுடைய பழைய மடிக்கணினியை வாங்கி, நுகேகொடைக்குப் போய் ஒரு மவுஸ் வாங்கி வந்தாள்.

கனகேஸ்வரி கதவடியில் நின்று பார்ப்பாள். "ஆர் வெண்டது?" என்று கேட்பாள். மகள் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போவாள்.

ஆயிரத்து நானூற்று எண்பதில் ஐந்து மாதம் அசையாமல் நின்றாள். பிறகு ஒரு காலையில், ஒரு நல்ல நகர்வைப் பார்த்தவுடன் வைத்துவிட்டு, வைத்ததைப் பற்றி யோசிக்காமல் அடுத்ததைப் பார்த்தாள். தகட்டில் ஒரு கலத்தைக் கண்டதும் வகை சொல்லி அடுத்ததற்குப் போவதுபோல. அதற்குப் பின் புள்ளி ஏறத் தொடங்கியது. ஆயிரத்து அறுநூறு. ஆயிரத்து எழுநூறு.

ஏற ஏற ஒரு பயம் வந்தது. ஆயிரத்து நூறில் இருந்தபோது அவள் mathil உடைய ஆட்டங்களில் காய்களைத்தான் கண்டாள். இப்போது அதே ஆட்டங்களைத் திருப்பிப் பார்த்தால் ஆளைக் காண முடிந்தது. மெதுவான, ஒதுங்கிய ஆள். ஒவ்வொரு காயையும் இன்னொன்றின் காவலில் வைத்திருப்பவர். பிரியந்தன் அப்படி ஆடியதே இல்லை. ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சிரிப்பான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு ஆட்டமே தொடங்கும். எண்ணூறு ஆட்டத்தில் mathil ஒரு தடவையும் ராணியைக் கொடுக்கவில்லை.

அண்ணனை அடைவதற்காகப் பழகிய கண், இது அண்ணன் இல்லை என்று அவளுக்குச் சொல்லத் தொடங்கியிருந்தது. சில நாள் அவள் படிவங்களைத் திறக்கவில்லை. மவுஸைத் தொட்டால் அதற்குக் கீழே வேறொரு கை அசையாமல் இருப்பதுபோலப் பட்டது. பதினாறு வருடத்தில் ஒரு மனிதன் ஆடும் விதமும் மாறலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பிறகு, அவனில்லை என்றாலும் இந்த ஆளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான் என்பதை நினைத்தாள். எப்போது, எங்கே என்பது மிச்சமிருந்தது. மறுநாள் காலை மூன்று ஆட்டம் ஆடினாள்.

இரண்டாயிரத்து இருபத்து நாலு ஆடியில், ஒரு ஞாயிறு, போட்டி தொடங்கி எண்பதாவது நிமிடத்தில் அவள் பட்டியலில் ஆறாவதாக இருந்தாள். அடுத்த எதிராளியின் பெயர் திரையில் வந்தது. mathil வெள்ளை. அவள் கறுப்பு.

பேச்சுப் பெட்டியில் எதையும் எழுதவேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தாள். கேள்வி கேட்டால் பயந்து போய்விடக்கூடிய ஆள் என்பதை எண்ணூறு ஆட்டமும் சொல்லியிருந்தன. காயால்தான் சொல்லவேண்டும்.

நாற்பது நகர்வுக்குள் பெரிய காய்கள் எல்லாம் பரிமாறப்பட்டு, இரண்டு ராசாக்களும் சில சிப்பாய்களும் மிஞ்சின. அவளுடைய ஒரு சிப்பாய் ராசாவின் நிரலில் இறங்கிக் கடைசிக்கு முதல் கட்டத்தை அடைந்தது. முன்னால் வெறும் கட்டம். அவளுடைய ராசா பக்கத்தில் நின்று அதைக் காத்தது. ஒரு தள்ளுத் தள்ளினால் ராணி, வெற்றி. அவளிடம் இருபத்து நாலு விநாடி இருந்தது; அவரிடம் முப்பத்தொன்று.

அவள் தள்ளவில்லை. ராசாவை ஒரு கட்டம் விலக்கினாள். அவர் தன் ராசாவை நகர்த்தினார். அவள் ராசாவைப் பழைய கட்டத்துக்குக் கொண்டுவந்தாள். அவர் நகர்த்தினார். அவள் மறுபடியும் விலக்கினாள். சிப்பாய் அப்படியே நின்றது.

அவருடைய கை நின்றது. பத்தொன்பது, பதினெட்டு என்று அவருடைய நேரம் இறங்கியது. அது பூச்சியமாகி, அவள் வென்றதாகத் திரை சொன்ன பிறகு பேச்சுப் பெட்டியில் ஒரு வரி வந்தது, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்.

"நீங்க ஆர்?"

"நாகேந்திரத்தின்ர மகள்," என்று அடித்தாள். விரல் இரண்டு எழுத்தைப் பிழையாக அடித்தது, திருத்தவில்லை. "உங்களுக்கு இதை ஆர் சொல்லித் தந்தது?"

பெட்டியில் அடுத்த வரி வந்தது.

"பிரியன் அண்ணா. நீங்க அந்தக் கள்ளியோ?"

அவள் ஓம் என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு அவர் துண்டு துண்டாக எழுதினார். எந்த இடம் என்று தெரியாது, கண்ணைக் கட்டித்தான் கொண்டுபோனார்கள். ஒரு அறை, பன்னிரண்டு பேர். பிரியந்தன் சீமெந்து நிலத்தில் கட்டம் கீறினான். காய்கள் சாப்பிடத் தந்த பாணின் நடுச்சதையைப் பிசைந்து செய்தவை. ஆளாளுக்குத் தங்கள் பங்கிலிருந்து கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தார்கள். விடிய எழும்பிப் பார்த்தால் குதிரையை எறும்பு தின்றிருக்கும், திரும்பவும் செய்வார்கள். அவருக்கு அப்போது இருபது வயது, சதுரங்கம் தெரியாது. அண்ணாதான் பழக்கினவர். வெளியே வந்து வேறு நாட்டுக்குப் போன பிறகுதான் உலகம் வேறு மாதிரி விளையாடுகிறது என்று தெரிந்ததாம்.

"தெரிஞ்சும் ஏன் மாத்தேல்ல?" என்று சுபோதினி கேட்டாள்.

"அவற்ர வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது. தகப்பன்ர ராசாச் சட்டம் தெரியும். ஆராவது பிடிப்பினம் எண்டு பார்த்தன். ஒம்பது வருசம்."

"கடைசியா எப்ப கண்டது?"

"வெசாக் முடிஞ்ச மறுநாள் விடிய. யுத்தம் முடிஞ்ச வருசம். பேர் கூப்பிட்டவங்கள். ஆட்டம் பாதியில. காயைக் கலைக்காத, உன்ர முறை எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

"பிறகு?"

"பிறகு நான் காணேல்ல, அக்கா. பின்னேரம் எங்களையும் வேற இடத்துக்கு மாத்தினவங்கள்."

அவ்வளவுதான். அவருடைய பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது.

ஐப்பசியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை ஏழு மாதம் என்று அவள் கணக்குப் பார்த்தாள். அந்த ஏழு மாதமும் அவர்கள் கையில் படிவங்களின் பிரதிகளைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. பழைய பஞ்சாங்கத்தை எடுத்து அந்த மறுநாளின் திதியைப் பார்த்தாள். சித்திரை மாதம், அபரபக்கப் பிரதமை. ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் அதை எழுதினாள். தாயிடம் போய்ச் சொன்னாள்: mathil யார், எங்கே சந்தித்தது, பாணில் செய்த காய்கள், வெசாக்குக்கு மறுநாள். எறும்பையும், ஆளாளுக்குப் பங்கிலிருந்து கிள்ளிக் கொடுத்ததையும் சொல்லவில்லை.

கனகேஸ்வரி கட்டிலில் இருந்தபடி கேட்டாள். கடற்கரையோரம் ரயில் ஒன்று போனது.

"பாணில காய் செய்தவையோ?" என்று கேட்டாள்.

"ஓம் அம்மா."

"அப்ப சாப்பிட்டு மிச்சம் இருந்திருக்கு," என்றாள் தாய். "பிள்ளை பசி கிடக்கேல்ல."

சுபோதினி ஓம் என்றாள். பஞ்சாங்கத்தில் பார்த்த திதியைச் சொன்னபோது மட்டும் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேர் கூப்பிட்டது கண்டவன் இருக்கிறான், அதற்குமேல் கண்டவன் இல்லையே என்றாள். தகப்பனுடைய திவசம் அடுத்த மாதம் வந்தது. ஐயர் கேட்டார். கனகேஸ்வரி எப்போதும்போலத் தலையை ஆட்டினாள். படிவம் சுபோதினியின் கைப்பையில் மடித்தபடி இருந்தது.

பேசியதற்கு அடுத்த ஞாயிறும் mathil போட்டிக்கு வந்திருந்தார். அவருடைய சிப்பாய் ஒன்று குதிரை நிரலில் ஏறியது. நாலு படங்கள் விரிந்தன. அவர் ராணியை எடுத்தார். பார்த்திருந்தவர்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எப்போதும் ராணியைத்தான் எடுத்தார். கொண்டுவந்த சாமானை உரிய இடத்தில் இறக்கிவிட்ட ஆளாக, முன்னைவிட வேகமாக ஆடினார். சில மாதத்தில் வருவதையும் நிறுத்திக்கொண்டார்.

சுபோதினி இப்போதும் காலையில் மூன்று ஆட்டம் ஆடுகிறாள். ஞாயிறு நாலு மணிக்குப் போட்டிக்கு உட்காருகிறாள். புள்ளி ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வரை போய், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகிறது. றிகாஸுக்கு அது விளங்கவில்லை.

மஸாஹிரா ஒரு திங்கட்கிழமை இரத்தக் குழாய்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "அக்கா, எங்கட றிகாஸ் நாநா செல்றார், நேத்து நீங்க வெல்ற கேமை விட்டீங்களாம். புஷ் பண்ணினா குயீன். ஏன் நிப்பாட்டின?"

கை தவறிவிட்டதென்று சுபோதினி சொன்னாள்.

வெசாக்குக்கு மறுநாள் விடிய ஒரு அறையிலிருந்துதான் அவனைக் கூப்பிட்டார்கள். வேறு அறை ஒன்று இருந்திருந்தால் அங்கேயும் சீமெந்து நிலம் இருந்திருக்கும். அங்கேயும் ஒருவருக்கு அவன் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அந்த ஆள் எங்கேயோ இருந்து, யாருடைய ஆட்டத்தையோ பார்த்துக்கொண்டிருக்கலாம். அதனால் அவளுடைய சிப்பாய்கள் ஓரத்தில் ஏறினால் கோட்டையாகின்றன, அடுத்த நிரலில் குதிரையாகின்றன. ராசாவின் நிரலில் வந்தது, முன்னால் கட்டம் வெறுமையாக இருக்க, கடைசிக்கு முதல் கட்டத்தில் நிற்கிறது. அவளுடைய நேரம் இறங்கிக்கொண்டிருக்கிறது. பேச்சுப் பெட்டியை அவள் திறந்தே வைத்திருக்கிறாள்.